உயர்வானக் காற்றோட்டங்களும் நம் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழையையும் வெயிலையும் புயலையும் நாம் தரையில் நின்று அனுபவிக்கிறோம். ஆனால் அவற்றை நடத்திச் செல்லும் காற்று பெரும்பாலும் 5 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் வீசுகிறது. அந்தக் காற்றோட்டங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு, இந்திய வானத்தை, குறிப்பாகத் தென்னிந்திய வானத்தை மையமாக வைத்து இங்கே விடை தரப்படுகிறது.

உயர்வானக் காற்றுக்கும் தரைக்காற்றுக்கும் என்ன வேறுபாடு?

தரையை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் வரை வீசும் காற்று மலை, மரம், கட்டடம் ஆகியவற்றில் உராய்ந்து வேகம் இழக்கிறது. கடற்காற்று, நிலக்காற்று போன்ற உள்ளூர் விளைவுகளுக்கும் ஆளாகிறது. மேலே போகப் போக இந்த உராய்வு அற்றுவிடுகிறது. அங்கே காற்றை இயக்குபவை இடத்துக்கு இடம் மாறும் காற்றழுத்தமும், பூமி சுழல்வதால் ஓடும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் கோரியாலிஸ் விளைவும்தான். இவை இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்போது, காற்று உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்தை நோக்கி நேராகப் பாயாமல், ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடுகளை ஒட்டியே ஓடுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய சிறு பகுதி மட்டும் இதற்கு விலக்கு.

வளிமண்டலத்தின் மொத்த எடையில் பாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மேகமும் மழையும் நிகழும் கீழடுக்கின் உச்சி, துருவங்களில் 8 அல்லது 9 கிலோமீட்டரில் முடிந்துவிட, நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் 16, 17 கிலோமீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. இதனால்தான் நம் ஊர் இடிமேகங்கள் ஐரோப்பிய இடிமேகங்களைவிட மிக உயரமாக வளர்கின்றன.

ஜெட் காற்று எப்படி உருவாகிறது?

வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து உருவாகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால், குளிர்ந்த பகுதியில் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் விரைவாகக் குறைகிறது. வெப்பமான பகுதியில் மெதுவாகக் குறைகிறது. ஆகவே இரண்டு பகுதிகளிலும் தரையில் அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், 10 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமான பகுதியின் அழுத்தம் கணிசமாக அதிகமாக இருக்கும். உயரம் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடுவதால் காற்றின் வேகமும் கூடுகிறது. வடகோளத்தில் பொதுவாகத் தெற்கு வெப்பமாகவும் வடக்கு குளிர்ச்சியாகவும் இருப்பதால், பூமியின் சுழற்சி அந்தக் காற்றை மேற்கிலிருந்து கிழக்காக ஓடச் செய்கிறது.

வெப்பநிலை சட்டென்று மாறும் குறுகிய பட்டைகளில் இந்த ஓட்டம் ஒருமுகப்பட்டு, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி, சில வேளைகளில் 400 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் பாய்கிறது. இதையே ஜெட் காற்று என்கிறோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம், சில நூறு கிலோமீட்டர் அகலம், இரண்டு மூன்று கிலோமீட்டர் கனம் என்பது அதன் பரிமாணம்.

இதை முதலில் கண்டறிந்தவர் யார்?

1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றி வந்ததை அறிவியலாளர்கள் கவனித்தார்கள். மேலே விரைவான காற்று இருப்பதற்கு அது முதல் பெரும் சான்று. ஆனால் ஜெட் காற்றை முறையாக அளந்தவர் ஜப்பானைச் சேர்ந்த வசாபுரோ ஓயிஷி. ததேனோ வானாய்வு நிலையத்தில் 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டு, அவற்றைத் தொலைநோக்கிக் கருவியால் பின்தொடர்ந்த அவர், குளிர்காலத்தில் 9 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 70 மீட்டர் அளவுக்கு வீசுவதைப் பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1926இல் அதை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோவில் வெளியிட்டார். அந்த நல்லெண்ணமே அறிக்கை பரவாமல் போனதற்கு ஒரு காரணமாகிவிட்டது என்பது வருந்தத்தக்கது.

1944 நவம்பர் 24 அன்று டோக்கியோவைத் தாக்கச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் இதே காற்றில் சிக்கி இலக்கைத் தவறவிட்டன. அதே மாதத்தில் ஜப்பான் இந்தக் காற்றை நம்பி பசிபிக் கடலின் குறுக்கே ஏறத்தாழ 9,300 குண்டு பலூன்களை அனுப்பத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று 1945 மே மாதம் ஓரிகன் மாநிலத்தில் வெடித்து, ஒரு பெண்ணையும் ஐந்து சிறார்களையும் பலிகொண்டது. போருக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல்-குஸ்டாஃப் ராஸ்பியும் அவருடைய குழுவினரும் இக்காற்றின் அலைகளை ஆராய்ந்து, இன்றைய வானிலை அறிவியலுக்கு அடித்தளம் இட்டார்கள்.

ஜூன் மாதத்தில் நம் தலைக்கு மேல் என்ன மாறுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்பேன். குளிர்காலம் முழுவதும் இமயமலையின் தெற்குச் சரிவை ஒட்டி, வட இந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஜெட் காற்று ஓடிக்கொண்டிருக்கும். மே மாத இறுதியிலும் ஜூன் மாதத்திலும் அது மலையைத் தாண்டித் திபெத்துக்கு வடக்கே விலகிவிடுகிறது. அது விலகும் காலத்தை ஒட்டியே தென்மேற்குப் பருவமழை நாட்டுக்குள் முன்னேறுகிறது.

சராசரியாக நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் திபெத்தியப் பீடபூமி கோடை வெயிலில் காய்ந்து, தன் மேலுள்ள காற்றை நேரடியாகச் சூடாக்குகிறது. பருவமழை தொடங்கியதும் நீராவி மேகமாகக் குளிரும்போது வெளிவரும் வெப்பமும் அதோடு சேர்கிறது. அதன் விளைவாக, உயர்வானத்தில் பூமத்திய ரேகையைவிட இமயமலைப் பகுதி வெப்பமாகிவிடுகிறது. தெற்கே வெப்பம், வடக்கே குளிர் என்ற வழக்கமான அமைப்பு தலைகீழாகத் திரும்பும்போது காற்றின் திசையும் திரும்பியாக வேண்டும். அப்படித்தான் தீபகற்பத்தின் மேலே, சென்னை இருக்கும் அட்சரேகைக்கு அருகே, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கீழை ஜெட் காற்று எழுகிறது. தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கி, இந்தியாவையும் அரபிக்கடலையும் கடந்து, ஆப்பிரிக்கா வரை அது நீளும். இதை விளக்கி 1958இல் கட்டுரை வெளியிட்டவர், இந்திய வானிலை ஆய்வுத் துறையில் பணியாற்றிப் பின்னாளில் அதன் தலைமை இயக்குநரான பி. கோட்டீஸ்வரம். உலக வானிலை அறிவியலுக்கு நம் நாட்டின் பெரும் பங்களிப்புகளில் ஒன்று இது. நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு இன்னும் கூடுதல் இடம் கிடைக்க வேண்டும்.

கருவி ஏதும் இல்லாமலே இதை நீங்கள் பார்க்கலாம். ஜூலை மாதத்தில் வானம் ஓரளவு தெளிந்திருக்கும் ஒரு நாளில், திறந்த மொட்டை மாடியில் நின்று, ஏதாவது ஒரு கம்பத்தின் உச்சியையோ கோபுரக் கலசத்தையோ குறியாக வைத்துக்கொண்டு மேலே நோக்குங்கள். தாழ்வாகத் திரியும் பஞ்சு மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து போகும். அவற்றின் இடைவெளியில் மிக உயரத்தில் தெரியும் வெண்கீற்று மேகங்களைச் சில நிமிடங்கள் பொறுமையாகக் கவனித்தால், அவை எதிர்த்திசையில், மேற்கு நோக்கி நகர்வது தெரியும். தொலைவில் உள்ளதால் மெதுவாக நகர்வதுபோல் தோன்றினாலும், உண்மையில் கீழ் மேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் செல்பவை அவையே.

“மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக மழை” என்று அறிவிப்பில் வருகிறதே, அதன் பொருள் என்ன?

வேகமாக வரும் காற்று முன்னால் மெதுவாகச் செல்லும் காற்றை எட்டிப் பிடிக்கும் இடத்தில் காற்று குவிகிறது. குவியும் காற்றுக்குப் பக்கவாட்டில் இடம் இல்லாததால் அது மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேற்குக் காற்று, மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலான ஈரத்தை இழந்துவிடுகிறது. ஆயினும் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பகல் வெப்பத்தோடு இந்தக் குவிதலும் கூடும் நாட்களில் பிற்பகலில் இடிமேகங்கள் எழுகின்றன. அவற்றை 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போவதால்தான், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையில் எழுந்த இடிமழை இரவில் சென்னையை அடைகிறது. அந்த இடைநிலைக் காற்று வலுவிழந்த நாட்களில் மேகம் எழுந்த இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு அடங்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடல் வெதுவெதுப்பாக இருந்தும் வங்கக்கடலில் பெரும்புயல் ஏன் வருவதில்லை?

புயல் என்பது தரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை நிமிர்ந்து நிற்க வேண்டிய ஒரு சுழல். கீழே ஒன்று கூடும் ஈரக்காற்று நடுவில் மேலேறி, உச்சியில் எல்லாப் பக்கமும் விரிந்து வெளியேற வேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கி எப்படியோ, புயலுக்கு இந்த மேல்விரிவு அப்படி. பருவமழைக் காலத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்றும், 15 கிலோமீட்டர் உயரத்தில் கீழை ஜெட் காற்றும் எதிரெதிராக வீசுகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நொடிக்கு 40 மீட்டரைக்கூடத் தாண்டக்கூடும். புயல் வளர்வதற்கு இந்த வேறுபாடு நொடிக்கு 10 மீட்டர் அளவுக்குள் இருப்பது நல்லது. எனவே சுழலின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுக்கப்பட்டு, நடுவில் சேர வேண்டிய வெப்பம் சிதறிப்போகிறது. உயரத்துக்கு உயரம் காற்று இப்படி வேறுபடுவதை வானிலை ஆர்வலர்கள் ‘விண்ட் ஷியர்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

அம்மாதங்களில் வங்கக்கடலின் வட முனையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாகத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெரும்புயலாகும் முன்பே ஒடிசா வழியாகக் கரையேறிவிடுகின்றன. மேல்காற்றும் கீழ்க்காற்றும் மோதாமல் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமும்தான் புயல்களுக்கு உரியவை. அப்போதும் மேல்காற்று ஒத்துழைக்காவிட்டால் புயல் நிலைக்காது. 2013 நவம்பரில் மிகத் தீவிரப் புயலாக இருந்த லெஹர், விண்ட் ஷியரும் வறண்ட காற்றும் தாக்கியதால், மசூலிப்பட்டினம் அருகே கரையை அடைந்தபோது வெறும் தாழ்வு மண்டலமாகத் தேய்ந்திருந்தது.

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

புயல் தானாக வழி தேர்ந்தெடுப்பதில்லை. அதைச் சூழ்ந்து 3 முதல் 10 கிலோமீட்டர் உயரம் வரை வீசும் காற்றின் சராசரி எந்தப் பக்கமோ, ஏறக்குறைய அந்தப் பக்கம் அது நகரும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலுக்கு வடக்கே உயரழுத்தப் பகுதி வலுவாக நீண்டிருந்தால், அதன் தெற்கு விளிம்பில் வீசும் கிழக்குக் காற்று புயலை நேராகத் தமிழகக் கரைக்குத் தள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது இப்படித்தான். அந்த உயரழுத்தப் பகுதி பிளவுபட்டு, வடக்கிலிருந்து மேற்குக் காற்றின் அலை ஒன்று கீழிறங்கினால், புயல் வடக்கே ஏறி வடகிழக்காகத் திரும்பிவிடும். 2007 நவம்பரில் வங்கதேசத்தை அழித்த சிதர், 2023 மே மாதத்தில் மியான்மரைத் தாக்கிய மோக்கா ஆகியவை வடக்கு நோக்கிப் போனவை.

ஆயினும் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது வேகமாக வரும் புயலை அல்ல, நகர மறுக்கும் புயலை என்பதே என் கருத்து. இரு பக்கமும் இரண்டு உயரழுத்தப் பகுதிகள் ஏறத்தாழச் சம வலுவுடன் எதிரெதிராக இழுக்கும்போது, செலுத்தும் காற்று இல்லாமல் புயல் ஓரிடத்தில் தேங்கிவிடும். ஒரே ஊரின்மேல் மணிக்கணக்கில் மழைப்பட்டை நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக ஊர்ந்து வடக்கே சென்றபோது, நகரின் பல பகுதிகளில் இரண்டு நாட்களில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அது கரையைக் கடந்ததோ டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், அங்கேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ. அளவில் மழை பதிவானது. இரண்டுமே காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாபெரும் புயல்கள் அல்ல. ஆகவே ‘எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்’ என்று கேட்பதோடு, ‘புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது’ என்றும் கேட்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

வட இந்தியாவில் குளிர்காலத்தில் பெய்யும் மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் மேலை ஜெட் காற்று நேர்கோட்டில் ஓடுவதில்லை; வடக்கும் தெற்குமாக வளைந்து அலை அலையாகச் செல்கிறது. தெற்கே வளைந்து இறங்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிழக்கே மேல்காற்று விரிவதால், கீழிருந்து காற்று மேலெழுந்து மேகம் திரள்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இப்படி வரும் மழை அமைப்புகளையே ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்கிறோம். டிசம்பர் முதல் மார்ச் வரை பஞ்சாப், அரியானா கோதுமைக்கு உயிர்நீர் தருவதும், இமயமலையில் பனி பொழியச் செய்து கோடையில் ஆறுகளுக்கு நீர் சேர்ப்பதும் இவையே.

இந்த அலை பருவமழையோடு மோதினால் விளைவு பயங்கரமானது. 2013இல் பருவமழை வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 16 அன்றே நாடு முழுவதும் பரவிவிட்டது. அதே நேரத்தில் மேற்கிலிருந்து ஓர் அலை வட இந்தியாவின் மேல் இறங்கியது. இரண்டும் உத்தராகண்ட் மலைகளின் மேல் இணைந்து கொட்டிய மழையில் சோராபாரி ஏரி உடைந்து, கேதார்நாத் பேரழிவு நிகழ்ந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அலை நகராமல் நின்றுவிடுவதும் ஆபத்தே. 2010 கோடையில் மேற்கு ரஷ்யாவின் மேல் அலையின் மேடு வாரக்கணக்கில் அசையாமல் நின்றதால், ஜூலை 29 அன்று மாஸ்கோவில் வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டியது. அதே அலையின் பள்ளம் பாகிஸ்தானுக்கு மேலே பருவமழையோடு கூட, அந்நாட்டு நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருந்த வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஒரே காற்றோட்டம்.

விமானப் பயண நேரத்தை இது மாற்றுமா?

மாற்றும். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் நேரம், இங்கிருந்து அங்கே போகும் நேரத்தைவிடப் பொதுவாகக் குறைவாக இருப்பது மேலை ஜெட் காற்றின் உதவியால்தான். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடங்களில் அடைந்தது. ஆனால் ஜெட் காற்றின் விளிம்பில் காற்று வேகம் சட்டென்று மாறுவதால், மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் விமானம் திடீரெனக் குலுங்கும். ரேடாரில் தெரியாத குலுக்கல் அது என்பதால், இருக்கையில் இருக்கும்வரை பட்டையைக் கழற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

அவ்வளவு உயரத்தில் வீசும் காற்றை எப்படி அளக்கிறார்கள்?

நாள்தோறும் இந்திய நேரப்படி காலையும் மாலையும் ஐந்தரை மணியை ஒட்டி, உலகெங்கும் ஒரே வேளையில் வானிலை பலூன்கள் ஏவப்படுகின்றன. தமிழகக் கரையில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அவை எழுகின்றன. நொடிக்கு ஐந்து மீட்டர் அளவில் மேலேறும் பலூன், தன்னோடு தொங்கும் சிறு பெட்டியிலிருந்து வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலைகளில் அனுப்பிக்கொண்டே சென்று, 30 கிலோமீட்டர் அளவில் வெடித்துவிடும். பலூன் அடித்துச் செல்லப்படும் வழியே காற்றின் வேகத்தையும் திசையையும் சொல்லிவிடுகிறது. திருப்பதிக்கு அருகே காடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார், பலூன் இல்லாமலே தலைக்கு மேலுள்ள காற்றை அடுக்கடுக்காக அளக்கிறது. இன்சாட் செயற்கைக்கோள் படங்களில் மேகத்தின் நகர்வை வைத்தும், பறக்கும் விமானங்கள் தரும் அளவீடுகளை வைத்தும் மீதி இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன. 2018 முதல் 2023 வரை சுற்றிய ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோள், விண்வெளியிலிருந்து லேசர் ஒளியால் காற்றை நேரடியாக அளக்க முடியும் என்று காட்டியது.

புவி வெப்பமாதல் இந்தக் காற்றை மாற்றுகிறதா?

மாற்றுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விதமாக அல்ல. ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பமாவதால், தரையை ஒட்டி வடக்குக்கும் தெற்குக்குமான வேறுபாடு குறைகிறது. உயர்வானத்திலோ வெப்பமண்டலம் அதிகமாகச் சூடாவதால் அவ்வேறுபாடு கூடுகிறது. ஒன்று ஜெட் காற்றைத் தளர்த்த, மற்றொன்று முறுக்கேற்றுகிறது. அலைகள் முன்பைவிட அதிகமாக வளைந்து தேங்குகின்றனவா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் வலுவான விவாதம் நடக்கிறது. வட அட்லாண்டிக்கின் மேலே விமானங்கள் பறக்கும் உயரத்தில் விண்ட் ஷியர் 1979க்குப் பிறகு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியுள்ளதாக 2019இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.

இணையத்தில் காற்று வரைபடம் பார்க்கும் ஆர்வலர் எந்த உயரத்தைப் பார்க்க வேண்டும்?

கேள்வியைப் பொறுத்தது. இந்த வரைபடங்களில் உயரம், அங்குள்ள காற்றழுத்தத்தைக் கொண்டு ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் குறிக்கப்படும்; எண் குறையக் குறைய உயரம் கூடும். ஈரம் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே குவிகிறது என்று அறிய 850 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தைப் பாருங்கள். இடிமேகம் எந்த ஊரை நோக்கி நகரும் என்பதற்கு 700, 500 ஆகிய மட்டங்கள் உதவும். புயலைச் செலுத்தும் காற்றுக்கும் 500ஐச் சுற்றியுள்ள மட்டங்களே முதன்மை. 200 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தில் 12 கிலோமீட்டர் உயரக் காற்று தெரியும். புயலின் உச்சியில் காற்று நன்றாக விரிகிறதா, மேலை ஜெட் காற்று தெற்கே இறங்கி அதைச் சிதைக்கப் போகிறதா என்பவற்றை அங்கே காணலாம். 850க்கும் 200க்கும் இடையே அம்புக்குறிகள் எதிரெதிராக இருந்தால், கடலில் புயல் சின்னம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அது வலுப்பெறும் என்று அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம். மேலும், ஒரே ஒரு கணினி வானிலை மாதிரியின் பத்து நாள் கணிப்பை வைத்து ஊருக்கு எச்சரிக்கை பகிர வேண்டாம்; புயல் காலத்தில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையே பின்பற்றுங்கள்.